லிஃப்ட்காரர் பிடுங்கிய ப்ளக்

என் வீட்டுக்காரருக்குத் தொழில் லிஃப்ட் ரிப்பேர். ஆனால் அவருடைய உண்மையான தொழில் கவலைப்படுவது. அதற்கு யாரும் சம்பளம் தராததால் லிஃப்ட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். கேஸை மூடியாச்சா என்று என்னைக் கேட்பார். மூடியாச்சு என்று நான் சொன்னதும் அடுப்படிக்குப் போய்ப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போதும் வருகிறது, ஆனால் பழகிவிட்டது.

வேலை செய்யும் இடத்தில் இந்தக் கவலைக்கு மரியாதை உண்டு. எந்த லிஃப்ட்டைச் சரிசெய்தாலும், முடித்த கையோடு மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போடுவார். பிறகு தான் மட்டும் அதில் ஏறி மேல்மாடி வரை போய்க் கீழே இறங்குவார். அதற்கப்புறம்தான் 'பழுது' என்ற பலகையைக் கழற்றுவார். "கரண்ட் போய் வந்தா அது எப்படி நடந்துக்குதுன்னு பாக்கணும். நான் ஏறிப் பாக்காத லிஃப்ட்ல இன்னொருத்தரை ஏத்த மாட்டேன்" என்பார். சக ஆட்கள் கிண்டல் செய்வார்கள். அவர் பலகையைத் துடைத்து வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எங்களுக்கு ஒரே பெண். அவளை 'மேடம்' என்றுதான் அவர் கூப்பிடுவார், அவ்வளவு அதிகாரம் பண்ணுவாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பேச்சு வராது, கை கால் சொன்ன பேச்சைக் கேட்காது. கண்ணை மேலே தூக்கினால் ஆமாம். பக்கவாட்டில் திருப்பினால் இல்லை. முன்பெல்லாம் எழுத்துகள் எழுதிய ஓர் அட்டையை நான் பிடித்துக்கொள்வேன். ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்திக்கொண்டே போவேன், வேண்டிய எழுத்து வந்ததும் அவள் கண்ணை மேலே தூக்குவாள். அப்படித்தான் எழுதப் படிக்கக் கற்றாள், அப்படித்தான் என்னோடு சண்டையும் போட்டாள்.

பிறகு என் தம்பி அவளுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு அதில் வைத்தான். கன்னத்துப் பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கும். திரையில் எழுத்துகள் மாறி மாறி ஒளிரும், அவள் கன்னத்தால் பட்டனைத் தட்டினால் அந்த எழுத்து விழும். வாக்கியம் முடிந்ததும் ஒரு பெண் குரல் அதைப் படிக்கும். குரலைத் தேர்ந்தெடுத்தது இவர். கொஞ்சமும் யோசிக்காமல், லிஃப்ட்டுக்குள் அறிவிப்பு சொல்லும் பெண்ணின் குரல் போலவே ஒன்றைப் பிடித்துவிட்டார். மேடம் அதை விடுவாளா? விருந்தாளிகள் நெடுநேரம் உட்கார்ந்து அறுத்தால், "கதவு மூடுகிறது" என்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள், ஆனால் எழுந்துவிடுவார்கள்.

இந்த வருடம்தான் அவளுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஆசை முற்றியது. எத்தனையோ பள்ளிகள் கையை விரித்துவிட்டன. கடைசியில் ஒரு தலைமை ஆசிரியை மட்டும் ஒத்துக்கொண்டார், அதுவும் ஒரு நிபந்தனையோடு. வீடியோவில் அவளோடு பேசிப் பார்ப்பாராம். "அவளே பதில் சொல்லணும். பக்கத்துல இருந்து நீங்க சொல்றதோ, நீங்க புரிஞ்சுக்கிட்டு எனக்கு விளக்கறதோ வேண்டாம். வகுப்புல நீங்க இருக்க மாட்டீங்கல்ல?" என்றார். நியாயம்தான். ஒரு நாள் குறித்து, பகல் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொன்னார். நான் வேலை செய்யும் மருந்துக் கடையில் லீவு சொல்லிவிட்டேன். இவரும் லீவு. அங்கேதான் வினை ஆரம்பித்தது. இவர் சும்மா இருந்தால் வீட்டில் ஏதாவது ஒன்று ரிப்பேர் ஆகும்.

லேப்டாப் திரையின் ஓரத்தில், அப்டேட் செய்யச் சொல்லி ஒரு சின்னப் பெட்டி கொஞ்ச நாளாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "டீச்சர் பேசிட்டு இருக்கும்போது இது நடுவுல வந்து நின்னா?" என்றார் இவர் அன்றைக்குக் காலையில். சர்வீஸைத் தள்ளிப்போட்ட லிஃப்ட்தான் நட்டநடுவில் நிற்கும் என்பது அவர் அனுபவம். என்னிடம் கேட்காமல் பெட்டியை அழுத்திவிட்டார். அது வெகுநேரம் ஏதேதோ ஓட்டியது, அணைந்தது, புதுக்கோலத்தில் எழுந்தது. பேசும் புரோகிராமின் படத்தைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினார். மேடம் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அட்டை தேவைப்படவில்லை.

தம்பியைக் கூப்பிட்டேன். அவன் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். உள்ளே போனால் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும்தான் கைக்கு வரும். நல்லவேளை, வாசலில் இருந்தான்.

"அக்கா, பதறாதே. அந்தப் புரோகிராம் ஜாவாங்கிற மொழியில எழுதினது. அது ஓடணும்னா ஜாவா கிட் வேணும். நான் போட்டிருந்தது பழசு. அப்டேட் அதைத் தூக்கிட்டுப் புதுசை வெச்சிருக்கும். புதுசுக்கும் நம்ம புரோகிராமுக்கும் ஒத்து வராது."

"இப்ப என்னடா பண்றது?"

"பழசைக் கையாலதான் போடணும். ஒரு லிங்க் அனுப்பறேன், அதை டவுன்லோட் பண்ணி வையுங்க. டீ நேரத்துல கூப்பிடறேன். முடிச்சிடலாம்."

டவுன்லோட் ஆமை வேகத்தில் நகர்ந்தது. இவர் திரையின் முன்னால் நின்று, பச்சைக் கோடு வளர்வதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நான் மேடத்துக்குத் தலை வாரினேன். புதுச் சட்டை போட்டுவிட்டேன். அவள் முகம் உர்ரென்று இருந்தது. "சரியாயிடும்டி" என்றேன். கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினாள். எனக்கே நம்பிக்கை இல்லாததை அவள் எப்படி நம்புவாள்?

டீ நேரத்தில் தம்பி கூப்பிட்டான். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தோம். ஒரு கறுப்பு ஜன்னலைத் திறக்கச் சொன்னான், அதில்தான் கட்டளைகளை டைப் அடிக்க வேண்டும். இவர் ஸ்பேனர் பிடித்த விரலால் ஒற்றை ஒற்றை எழுத்தாகக் குத்தினார். டாக்டர்கள் கிறுக்கியதைப் படித்துப் பழகிய கண் என்பதால், நான் பக்கத்தில் நின்று ஒவ்வோர் எழுத்தையும் உரக்கப் படித்துச் சரிபார்த்தேன். முதலில் டவுன்லோட் ஆகி வந்த மூட்டையைப் பிரிக்கும் கட்டளை. சர்ரென்று ஏதோ பெயர்கள் ஓடி நின்றன. அடுத்து, பிரிந்து வந்த ஃபோல்டரைத் தூக்கி வேறிடத்தில் வைக்கும் கட்டளை. அது பாஸ்வேர்ட் கேட்டது. இவர் அடித்தார், திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"மாப்ள, கீபோர்டும் போச்சு" என்றார் இவர், நெற்றி வியர்க்க.

"இல்ல மாமா. பாஸ்வேர்டைக் காட்டாது. குருட்டாம்போக்குல அடிச்சு என்டரைத் தட்டுங்க."

குருட்டாம்போக்கு என்ற வார்த்தையே இவருக்கு ஆகாது. இருந்தாலும் அடித்தார். போனது. அடுத்து இரண்டு வரிகள் சொன்னான். முதல் வரி, ஜாவாவின் வீடு எங்கே இருக்கிறது என்று சொல்வதாம். இரண்டாவது, எதையாவது தேடும்போது முதலில் அந்த வீட்டுக்குப் போய்ப் பார் என்று சொல்வதாம். பெரிய எழுத்து, சாய்வுக்கோடு, டாலர் குறி, முக்காற்புள்ளி என்று அவன் சொல்லச் சொல்ல இவர் குத்தினார். ஒரு தடவை தப்பானது, அழித்து மறுபடி அடித்தார். மேடம் சக்கர நாற்காலியில் பின்னால் இருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப புரோகிராமை ஓட்டுங்க" என்று கடைசிக் கட்டளையைச் சொன்னான். எழுத்துப் பலகை திரையில் மலர்ந்தது. மேடம் கன்னத்தால் தட்டினாள், தட்டினாள். அந்த லிஃப்ட் குரல், "அம்மா பசிக்குது" என்றது. காலையிலிருந்து அவளுக்கு ஒரு வாய் ஊட்ட யாருக்கும் தோன்றவில்லை.

"மாமா, இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு" என்று தம்பி ஆரம்பித்தான். அங்கே மணி அடித்தது, யாரோ அதட்டினார்கள். "சாப்பாட்டு நேரத்துல சொல்றேன்" என்றதோடு லைன் அறுந்தது.

நான் சாப்பாடு எடுக்க அடுப்படிக்குப் போனேன். தட்டோடு திரும்பி வந்தால் அறை அமைதியாக இருந்தது. திரை கறுத்துக் கிடந்தது. இவர் மேஜைக்கு அடியில் குந்தியிருந்தார், கையில் லேப்டாப்பின் ப்ளக். அந்த லேப்டாப்பில் பேட்டரி செத்துப் பல காலம், ஒயரில்தான் உயிரோடு இருக்கிறது.

"என்ன பண்றீங்க?"

"டெஸ்ட் பண்றேன். கரண்ட் போய் வந்தா எப்படி இருக்குன்னு பாக்கணும்ல" என்றார், ரொம்பப் பொறுப்பாக.

தட்டை நான் அவர் தலையில் போடாமல் மேஜையில் வைத்தது என் பொறுமைக்குச் சாட்சி. அவர் ப்ளக்கைச் செருகினார். திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடின, எங்கேயோ நின்றன, மறுபடி ஓடின. ஒருவழியாக எழுந்தது. புரோகிராம் எழவில்லை. கறுப்பு ஜன்னலைத் திறந்து, அவருக்கு நினைவிருந்த அந்தக் கடைசிக் கட்டளையை அடித்தார். சிவப்பாகத் திட்டியது. காலையில் அப்டேட் கொண்டுவந்த புது ஜாவாதான் முன்னால் வந்து நின்றது.

"போச்சு. எல்லாம் போச்சு" என்றார். பேயறைந்த மாதிரி இருந்தது முகம்.

பன்னிரண்டுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. தம்பியின் போன் பெட்டிக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. ஒரு கையால் அவளுக்கு ஊட்டிக்கொண்டே என் போனில் தேடினேன். பக்கம் பக்கமாக வந்தது, ஒவ்வொன்றும் ஒரு வழி சொன்னது, எல்லாம் வேறு ஏதோ கம்ப்யூட்டருக்குச் சொன்னது மாதிரி இருந்தது. ஒன்றை நம்பி அடித்துப் பார்த்தார், ஒரு பலனும் இல்லை. மறுபடி டவுன்லோட் பண்ணலாமா என்றார். காலையில் ஆமை நகர்ந்த வேகத்தை நினைத்து வேண்டாம் என்றேன். டீச்சரிடம் வேறு நாளுக்கு மாற்றச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். சொன்னால், 'வகுப்பில் இப்படி நின்றுபோனால் என்ன செய்வீர்கள்' என்று கேட்பார். கேட்பதில் தப்பே இல்லை.

இவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று நிமிர்ந்தார். "இரு இரு. கரண்ட் போய் வந்தா பழைய லிஃப்ட் சிலது தான் எந்த மாடியில நிக்கறோம்னு மறந்துடும். கூண்டு அங்கேயேதான் இருக்கும். அதுக்கு ஞாபகம்தான் போயிருக்கும்." ஃபோல்டர்களைத் திறந்து திறந்து தேடினார். தூக்கிவைத்த இடத்திலேயே பத்திரமாக இருந்தது பழைய ஜாவா.

"அந்த ரெண்டு வரிதான். வீடு எங்கேன்னு சொன்னோமே, அந்த ரெண்டு வரி. அதை மறுபடி அடிச்சா போதும்" என்றார். "உனக்கு ஞாபகம் இருக்கா?"

எனக்கு எப்படி இருக்கும்? எழுத்து எழுத்தாகப் படித்தேனே தவிர, ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. இவர் மனசில் இருந்ததை அடித்தார். தப்பு. மாற்றி அடித்தார். அதுவும் தப்பு. இந்தத் தடவை ஜன்னலில் வேறு எந்தக் கட்டளையும் வேலை செய்யாமல் போனது. அதை மூடிவிட்டு வேறு ஜன்னல் திறந்தார்.

அப்போது மேடம் குரல் எழுப்பினாள். வார்த்தை இல்லாத, தொண்டையிலிருந்து வரும் சத்தம். பயந்துபோய் ஓடினேன். தண்ணியா? பக்கவாட்டில் கண். பாத்ரூமா? பக்கவாட்டில். எங்கேயாவது வலிக்குதா? மறுபடி பக்கவாட்டில், கோபமாக. "இருடி, அப்பா பாத்துட்டு இருக்கார்ல" என்று நான் அதட்டிவிட்டேன், என் பதற்றத்தை அவள் மேல் கொட்டிவிட்டேன். அவள் விடவில்லை. கண் ஒரே இடத்தில் குத்தி நின்றது. திரும்பிப் பார்த்தேன். பீரோவின் மேலே, சூட்கேஸுக்கு அடியில், பழைய எழுத்து அட்டையின் முனை நீட்டிக்கொண்டிருந்தது.

இழுத்தேன். தூசி கொட்டியது. விரலை நகர்த்தினேன். அவள் கண் மேலே போனது, நின்றது, மேலே போனது. 'எனக்குத் தெரியும்' என்று வந்தது.

"என்ன தெரியும்?"

'ரெண்டு வரி.'

இவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். எங்களுக்கு அது தோன்றாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஒவ்வோர் எழுத்தையும் ஒரு மூச்சு செலவழித்துப் பொறுக்குகிறவள் அவள். எழுத்து அவளுக்குச் சும்மா வருவதில்லை, அதனால் போவதும் இல்லை. நாங்கள் குத்தியதையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வைத்திருக்கிறாள்.

அட்டையில் தமிழ் எழுத்துகள்தான் இருந்தன. இவர் 'பழுது' பலகை எழுதும் மார்க்கரை எடுத்து, பின்பக்கம் ஆங்கில எழுத்துகளையும் அந்தக் கோடு, குறிகளையும் அவசர அவசரமாகக் கிறுக்கினார். நான் விரலை நகர்த்தினேன். அவள் கண்ணைத் தூக்கினாள். நான் உரக்கச் சொன்னேன். அவர் குத்தினார். பெரிய எழுத்தா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு, பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்குக் கழுத்து தளர்ந்தது. வியர்த்தது. ஓரிடத்தில், வரி முடிந்துவிட்டது என்று இவர் என்டரைத் தட்டப் போனார். அவள் கத்தினாள். கையைத் தீயில் வைத்தவர் போல இழுத்துக்கொண்டார். வரியின் வால் இன்னும் பாக்கி இருந்தது. அதையும் சொன்னாள்.

இரண்டாவது வரி முடிந்தது. என்டர். ஒன்றும் சொல்லவில்லை அந்த ஜன்னல், திட்டவும் இல்லை. கடைசிக் கட்டளையை அடித்தார். எழுத்துப் பலகை மலர்ந்தது. என் போன் அதே நேரத்தில் அலறியது. தலைமை ஆசிரியை.

இவர் கை, தானாக, ப்ளக் இருக்கும் பக்கம் போவதை நான் பார்த்தேன். வருஷக்கணக்கில் ஊறிப்போன பழக்கம், அவர் என்ன செய்வார் பாவம். பாதி வழியில் நின்றது. சோதித்துப் பார்க்காத லிஃப்ட், உள்ளே அவர் மகள். மேஜைக்கு அடியில் போய்த் தரையில் உட்கார்ந்தார். ப்ளக்கை இரண்டு கையாலும் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார், யாரோ வந்து பிடுங்கிவிடுவது போல.

நான் போனை மேஜை மேல் சாய்த்து வைத்துவிட்டு, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அறை மூலைக்குப் போய்விட்டேன். தலைமை ஆசிரியை ஏதேதோ கேட்டார். என்ன படிக்கப் பிடிக்கும், கணக்கு எவ்வளவு தெரியும், வகுப்பில் சத்தமாக இருந்தால் பரவாயில்லையா. மேடம் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பதில் சொன்னாள். அந்த அம்மாள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். நான்தான் மூலையில் நின்று செத்துச் செத்துப் பிழைத்தேன்.

"சரிம்மா. இந்த மெஷின் வகுப்பு நடுவுல நின்னுபோச்சுன்னா என்ன செய்வே?"

மேஜைக்கு அடியில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். மேடம் நிதானமாகத் தட்டினாள்.

"அட்டை வைத்திருப்பேன். சரிசெய்ய எனக்குத் தெரியும். அப்பாவை மட்டும் தொட விடமாட்டேன்."

தலைமை ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப வர்ற திங்கட்கிழமை வர்றியா?" என்றார். எங்களை அல்ல, அவளைக் கேட்டார். ஆமாம் என்பதற்கு அவள் மெஷினைப் பயன்படுத்தவில்லை. கண்ணை மேலே தூக்கினாள், அந்த அம்மாளுக்கு அது புரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் தம்பி கூப்பிட்டான். நடந்ததைக் கேட்டு, "அய்யோ மாமா, அந்த ஜன்னல் உயிரோட இருக்கிற வரைக்கும்தான் அந்த ரெண்டு வரிக்கு உயிர். அதைத்தான் சொல்ல வந்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டான். கம்ப்யூட்டர் நம்மை உள்ளே விட்டதும் முதலில் படித்துப் பார்க்கும் ஃபைல் ஒன்று உண்டாம். அதன் கடைசியில் அதே இரண்டு வரிகளை எழுதிவைத்துவிட்டால், எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் மறக்காதாம். அவன் வழி சொல்ல, மேடம் சரிபார்க்க, இவர் எழுதி முடித்தார்.

"இனிமே யாரும் இதை அணைக்க வேண்டாம்" என்றார் இவர். "திங்கட்கிழமை அப்படியே தூக்கிட்டுப் போகலாம்." ஒயர் இல்லாமல் எப்படித் தூக்குவார் என்று அவருக்கே தெரியாது.

மேடம் தட்டினாள். "அணைத்துப் போடு."

"வேண்டாம்மா. ஓடிட்டுதானே இருக்கு."

"ஏறிப் பார்க்காமல் எப்படி அனுப்புவாய்?"

அவர் என்னைப் பார்த்தார். என்னால் முடியாது என்று கையை விரித்துவிட்டேன். எனக்கு அந்தக் குரலை மறுபடி இழக்கும் தைரியம் இல்லை, உண்மையைச் சொல்கிறேன். அவருக்கும் இல்லை. இருந்தாலும் இந்தத் தடவை ப்ளக்கைத் தொடாமல், முறையாக மெனுவில் போய் அணைத்தார். திரை கறுத்தது. உடனே போடவில்லை, அவருடைய வழக்கப்படி கொஞ்ச நேரம் நின்றார். அந்த இருட்டுத் திரையில் எங்கள் மூன்று பேர் முகமும் தெரிந்தது. அவளுடைய கையை நான் பிடித்துக்கொண்டேன், அது ஜில்லென்று இருந்தது. தைரியமாகப் பேசிவிட்டாளே தவிர, அவளுக்கும் பயம்தான்.

பட்டனை அழுத்தினார். எழுத்துகள் ஓடின. பாஸ்வேர்ட் கேட்டது, அடித்தார். பேசும் புரோகிராமின் படத்தின் மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அழுத்த மனசு வராமல் அவளைப் பார்த்தார். அவள் கண்ணை மேலே தூக்கினாள். அழுத்தினார்.

எழுத்துப் பலகை வந்தது. அவள் கன்னம் அசைந்தது, அசைந்தது. இவர் வாயைத் திறந்தபடி நின்றிருந்தார்.

"கதவு திறக்கிறது" என்றாள்.